சட்டையில் வாசனை இல்லை

"மோந்து பாத்து முடிச்சியா? இப்ப உள்ளே வரலாமா?"

வாசலிலேயே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார் க்ளைட். கட்டிய புருஷனைக் காலர், தோள், கைமடிப்பு என்று ஒரு இடம் விடாமல் முகர்ந்து பார்த்த பிறகுதான் வெர்னா வழிவிட்டாள்.

மகள் ஜோலினுக்குப் பொறுக்கவில்லை. "உனக்கு வெக்கமா இல்லையாம்மா? ஏர்போர்ட்ல பெட்டியை நாய் மோந்து பாக்கற மாதிரி! அவரும் மனுஷன்தானே?"

"உங்கப்பாவைப் பத்தி எனக்குத் தெரியும்டீ."

தெரியாமல் என்ன? லாஸ் வேகஸில் கேசினோவுக்குக் கேசினோ ஒரு வாசனை. வந்தவர்கள் எழுந்து போக மனசில்லாமல் சூதாடிக்கொண்டே இருக்கட்டும் என்று மெஷின் வைத்துப் பரப்புவார்கள். க்ளைட் பழியாய்க் கிடந்த கேசினோவில் தேங்காயும் வெனிலாவும் கலந்த வாசனை. சட்டையில் ஏறினால் துவைத்தாலும் லேசில் போகாது. "இனிமேல் அந்தப் பக்கமே போகமாட்டேன்" என்று அவர் சத்தியம் பண்ணிய ஒவ்வொரு தடவையும் அதுதான் அவரைக் காட்டிக்கொடுத்தது.

"அந்த நாத்தம் உன் சட்டையை விட்டுப் போகட்டும். அப்புறம் வீட்டைப் பத்திப் பேசலாம்" என்று கறாராகச் சொல்லியிருந்தாள் வெர்னா.

அவள் அம்மா ஹோட்டல் அறைகளைப் பெருக்கித் துடைத்து வாங்கிய வீடு அது. அவளுக்கென்று இருப்பது அது ஒன்றுதான். அதை அடமானம் வைத்து ஏசி ரிப்பேர் கடை போட வேண்டும் என்பது க்ளைட்டின் ஆசை.

ஈஸ்டரன்று சர்ச்சில், எல்லோர் முன்னாலும் மண்டியிட்டுக் கதறினார் மனுஷர். அன்றிலிருந்து இந்தக் கோடை வரை சட்டையில் வியர்வையைத் தவிர வேறொன்றும் இல்லை.

"இன்னும் என்னம்மா வேணும் உனக்கு?" என்று ஜோலின் அழுதேவிட்டாள்.

வெர்னாவுக்கும் தன்மேலேயே அருவருப்பாகத்தான் இருந்தது. திருந்தியவரைப் போய் இப்படிப் படுத்துகிறோமே! மறுநாளே பேங்குக்குப் போய்க் கையெழுத்துப் போட்டாள்.

பணம் வந்த அன்று காலை க்ளைட் அவள் நெற்றியில் முத்தமிட்டார். "கடைக்கு இடம் பாத்துட்டு வந்துடறேன் வெர்னா."

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவளுக்குப் பாட வேண்டும் போல இருந்தது. பீச் பழம் வைத்து ஒரு கேக் சுட்டாள். சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு, முந்தின நாள்தான் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்திருந்த மார்சேலாவைப் பார்க்கப் போனாள்.

அப்போதுதான் வேலை முடிந்து வந்த மார்சேலா, "எனக்கா? அடடா!" என்று அவளைக் கட்டிக்கொண்டாள். அவள் போட்டிருந்த யூனிஃபார்ம் வெர்னாவுக்குத் தெரிந்ததுதான். அதே கேசினோ.

தன்னையறியாமல் மூக்கை உறிஞ்சிய வெர்னா கேட்டாள்: "உன் மேல அந்தத் தேங்காய் வாசனையே இல்லையே?"

"அதுவா? ஈஸ்டருக்கு முன்னாடியே மெஷினைக் கழட்டியாச்சே! 'தலை வலிக்குது, நிறுத்தலேன்னா வேற கேசினோவுக்குப் போயிடுவேன்'னு ஒரு கஸ்டமர் ஒத்தைக்கால்ல நின்னார். தினமும் வந்து தோத்துட்டுப் போறவர் ஆச்சே, மேனேஜர் விடுவாரா?" மார்சேலா சிரித்தாள். "க்ளைட்னு பேரு. இன்னிக்குக் கை நிறையப் பணத்தோட காலையிலேயே வந்து உக்காந்துட்டார், பாவம்."