கருடனுக்கு விட்ட வானம்

அவிநாசிபாளையத்து முருகன் கோயில் கோபுரத்தின் மேல் குருக்கள் புனிதநீர்க் குடத்தைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருக்கிறார். கருடன் வந்து வட்டமிடாமல் நீரை ஊற்ற மாட்டார். கும்பாபிஷேகத்துக்காகப் பனியன் கம்பெனிகள் விடுமுறை விட்டிருக்கின்றன; தெருவெல்லாம் நிமிர்ந்த முகங்கள். கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்கக் கூடாது என்பதால், ஆளில்லாத குளத்துப் பக்கம் நின்று கோபுரத்தைப் படம்பிடிக்கிறது, விழாவை வீடியோ எடுக்க வந்த வேல்விழியின் ட்ரோன்.

"கருடன் வந்துருச்சு! அரோகரா!" கைகள் எல்லாம் மேலே எழுகின்றன. வேல்விழி மட்டும் பார்க்கவில்லை. பறக்கும் ட்ரோனை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, பறவை வந்தால் இறக்கிவிட வேண்டும் என்பது அவள் பயிற்சியில் படித்த பாடம்.

"அம்முணி, அப்படியே கருடங்கிட்டக் கொண்டுபோயி வீடியோ புடிங்க!" விழாக் கமிட்டிக்காரர் சிவபிரகாஷ் பதறுகிறார்.

"வேணாம் சார், ட்ரோன் விசிறி அதோட றெக்கையில அடிச்சிரும். எறக்குறேன்."

ட்ரோன் மெல்ல இறங்குகிறது. நாதஸ்வரமும் குலவையும் காதில் மோதுகின்றன. அவள் கட்டைவிரல்கள் மட்டும் அசைகின்றன. மூலைக்கொரு கல் வைத்து விரித்த வெள்ளைப் பனியன் துணியில் அது உட்காரும் நேரம், அகன்ற சிறகுகளோடு ஒரு நிழல் துணியைக் கடந்து, அவள் கைகளில் ஏறி, தோளைத் தடவிப் போகிறது. ட்ரோனின் விசிறிகள் ஓய்கின்றன. அவள் நிமிர்கிறாள். நீல வானம் வெறுமையாக இருக்கிறது. கலசத்தில் வழியும் நீர் காலை வெயிலில் மின்னுகிறது.

"பாத்தீங்களா அம்முணி?" கூப்பிய கைகளோடு கேட்கிறார் சிவபிரகாஷ்.

"இல்ல சார்." சிலிர்த்து நிற்கும் தன் கைகளையே பார்க்கிறாள் வேல்விழி. "அது என்னையப் பாத்துட்டுப் போயிருச்சு."