மாஸ்டருக்கு மட்டும் மணக்கவில்லை

கொழும்பு வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில், ஒரு கொலை நடந்திருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது மஜீட் ஹாஜியாரின் மூக்குத்தான்.

எதிர்வீடு சிவபாதசுந்தரம் மாஸ்டருடையது. அந்தக் கதவுக்குக் கீழால் வந்த நாற்றம், படிக்கட்டில் படுத்துக் கிடந்த பூனையையே வேறு வீடு பார்க்க வைத்துவிட்டது. மாஸ்டரின் மனைவி பாலேஸ்வரியையோ ஒரு கிழமையாகக் காணவில்லை.

ஹாஜியார் நயமாகத்தான் கேட்டார்.

"மாஸ்டர், உங்கட வீட்டுக்குள்ள என்னமோ நாறுதே?"

மாஸ்டர் வாசலில் நின்றபடி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். "எனக்கொரு மணமும் தெரியேல்லயே, ஹாஜியார்."

"மிஸிஸ் எங்க?"

"அவ யாழ்ப்பாணம் போட்டா."

சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டிக் கிடந்த காலம் அது. காகம்கூட அனுமதி எடுத்துத்தான் அங்கே பறந்தது.

பின்னேரம் ஹாஜியாரின் மனைவி ருக்கியா போய்க் கேட்டபோது, அதே மாஸ்டர் அதே முகத்தோடு, "அவ ஆஸ்பத்திரியில நிக்கிறா" என்றார்.

"கேட்டீங்களா?" என்றாள் ருக்கியா கணவனிடம். "காலையில யாழ்ப்பாணம், பின்னேரம் ஆஸ்பத்திரி. இஷாத் தொழுகைக்குள்ள மனிசி மவுத்தாகி அடக்கமும் ஆகிருவா போல!"

கீழ்மாடி டாக்டர் றவூப் மட்டும் வேறு கதை சொன்னார். "மணம் தெரியாமப் போறது சில நேரம் ஒரு நோய்ட தொடக்கமாவும் இருக்கலாம், ஹாஜியார். மூக்கு முந்திப் போகும், ஞாபகம் பொறகு போகும். அல்ஸைமர் என்டு செல்றது."

"உங்கள்ட்ட எல்லாத்துக்கும் ஒரு நோய்ப் பேர் ஈக்கி. பொய் செல்ற நாக்குக்கு என்ன பேர், டாக்டர்?" என்று கேட்டுவிட்டு ஹாஜியார் பொலிசுக்குப் போன் எடுத்தார்.

துப்பாக்கிக்காரர் இருவரோடு ஒரு சார்ஜன்ட் வந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாற்றத்தின் பின்னாலேயே நடந்து, படுக்கையறை அலுமாரியைத் திறந்தார். பாலேஸ்வரியின் பட்டுச் சேலைகளுக்கு நடுவில் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பார்சல். பிரித்தால், ஒரு காலத்தில் அறக்குளா மீனாக இருந்த ஏதோ ஒன்று.

"இதையெல்லோ நான் தேடினனான்!" என்று மாஸ்டர் மகிழ்ந்துபோனார்.

ஹாஜியாருக்குச் சிரிப்பு வந்தது. சார்ஜன்டுக்கு வரவில்லை. அவர் மாஸ்டரின் சட்டைப்பைக்குள் கையை விட்டார். இரண்டு அடையாள அட்டைகள் வந்தன. ஒன்றில் மாஸ்டர். மற்றதில் பாலேஸ்வரி.

ஹாஜியார் சிரிப்பை நிறுத்திவிட்டு அட்டையை எட்டிப் பார்த்தார். அந்த நாளில் கொழும்பில் ஒரு தமிழ் ஆள் மூக்கு இல்லாமல் தெருவில் இறங்கலாம். அடையாள அட்டை இல்லாமல் இறங்க முடியாது. அட்டை இங்கே கிடந்தால் மனிசி எங்கே போயிருப்பாள்?

வீட்டுக்கார அம்மா எங்கே என்று சார்ஜன்ட் சிங்களத்தில் உறுமினார்.

மாஸ்டர் நெற்றியைத் தடவினார். நெடுநேரம் தடவினார். பிறகு முகம் வெளுத்தது.

"கொட்டாஞ்சேனை..." என்றார். "ஐயோ, கொட்டாஞ்சேனையில எல்லோ..."

அதற்கு மேல் சொல்லவிடாமல் அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். அந்த ஜீப்பில் ஏறுகிற தமிழன் எங்கே இறங்குவான் என்பது சாரதிக்கே தெரியாது. பெருநாளுக்கு ஹாஜியார் வீட்டிலிருந்து வட்டிலப்பம் போகும், தீபாவளிக்கு மாஸ்டர் வீட்டிலிருந்து முறுக்கு வரும். அப்படிப் பழகிய வீடு. முறைப்பாடு கொடுத்த அதே வாயால் ஹாஜியார், "நானும் வாறேன், மாத்தயா" என்று கெஞ்சி ஏறிக்கொண்டார்.

கொழும்பின் மறுகோடியில், கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் மாஸ்டர் தடுமாறாமல் வழி காட்டினார். ஒரு சின்ன வீட்டின் முன்னால் ஜீப் நின்றது. மண்வெட்டி கொண்டுவரவில்லையே என்று சார்ஜன்ட் முணுமுணுத்தது ஹாஜியாரின் காதில் விழுந்தது.

கதவைத் திறந்தவள் பாலேஸ்வரியின் தங்கச்சி.

"அத்தான்! இப்பவாவது வந்தியளே! போன் எடுப்பம் எண்டால் அக்கா விடுறா இல்லை. விட்டிட்டுப் போனவர் தானே வந்து கூட்டிக்கொண்டு போகட்டுமாம். அவவின்ர அட்டையும் உங்கட பொக்கற்றுக்குள்ள. ஆள் வாசலுக்கும் வரேலாமல் கிடக்கிறா."

உள்ளே, வீட்டுக்குப் போக வெளிக்கிட்ட சேலையோடு, மடியில் கைப்பையோடு, கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த பாலேஸ்வரி துப்பாக்கிகளைப் பொருட்படுத்தாமல் புருஷனை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னப்பா, ஒரு ஓட்டோ பிடிச்சுக்கொண்டு வர ஒரு கிழமையே?"