அளந்து கொடுத்த தண்ணீர்

“பொண்டாட்டிக்குத் தண்ணி குடுக்காத ஆம்பளைய இன்னிக்குத்தான்யா பாக்கறேன்!”

ரங்கம்மாள் போட்ட சத்தத்தில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கிய பஸ். இடஒதுக்கீடு கேட்டு மறியல். கச்சிராயபாளையம் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. திரும்பலாம் என்றால் பின்னாலும் ஒன்றைச் சாய்த்துவிட்டார்கள். உச்சி வெயில். பக்கத்தில் ஒரு குழாய் கூட இல்லை.

சீத்தாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த வியாபாரி ரங்கம்மாளுக்கு நியாயம் பேச இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

பக்கத்து வரிசையில் பழனியும் அவன் மனைவி கலையரசியும். அவளுக்கு முகமெல்லாம் ஊதியிருந்தது. அந்த வெயிலிலும் போர்வை போர்த்தி, தலை தொங்கத் தொங்கத் தூங்கினாள். விழித்தால் ஒரே வார்த்தைதான். “தண்ணி.”

பழனி பாட்டில் மூடியில் ஒரு மூடி ஊற்றிக் கொடுப்பான். அவ்வளவுதான்.

“பொண்டாட்டியா, கோழிக்குஞ்சாய்யா அது?”

“இல்லீங்க, டாக்டரு...”

“நீ பேசாத! ஏங்க, யாராச்சும் அந்தப் பொண்ணுக்குத் தண்ணி குடுங்களேன். மனசுன்னு ஒண்ணு இருக்குதா உங்களுக்கு?”

கண்டக்டர் பாட்டிலை நீட்டினார். ஒரு வாத்தியார் பிளாஸ்கை நீட்டினார். கலையரசி கை நீட்டுவதற்குள் பழனி இரண்டையும் பிடுங்கி, மடக் மடக்கென்று தானே குடித்துவிட்டான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு புதர் பக்கம் ஓடினான்.

பஸ்ஸில் கெட்ட வார்த்தை தெரியாதவர்கள்கூட ஒன்றிரண்டு முயன்று பார்த்தார்கள்.

திரும்பி வந்தவனை ரங்கம்மாள் படிக்கட்டிலேயே மடக்கினாள். “யோவ், நீ உப்பு போட்டுத்தான் துன்றியா?”

“உப்புதாங்க பிரச்சனையே!” அழுதுவிடுவான் போலிருந்தது. “அவளுக்குத் தைராய்டு சரியா வேலை செய்யலீங்க. குடிக்கிற தண்ணி வெளிய போவாம உடம்புலயே தங்கிடுதாம். அதுல ரத்தத்துல உப்பு கம்மியாயிடுச்சி. இதுக்கு மேல குடிச்சா வலிப்பு வந்துடும்னாரு டாக்டரு. ஆஸ்பத்திரிக்குத்தான் போய்க்கினு இருக்கோம்.”

“அப்ப நீ இன்னாத்துக்கு அவ்ளோ குடிச்ச?”

“கைல இருந்தா தூக்கக் கலக்கத்துல குடிச்சிடுவா. நீங்கள்லாம் ஆசையா குடுத்தது, கீழ கொட்டவும் மனசு வரலீங்க. வயிறு வெடிக்கிது.”

கண்டக்டர் இறங்கி மரத்தடிப் பக்கம் ஓடினார்.

விஷயம் கேள்விப்பட்டு மறியல் பண்ணினவர்களே ஓடி வந்தார்கள். மரத்துக்கு அந்தப் பக்கம் வேன் ஏற்பாடாகிவிட்டது. ஆளுக்கொரு கை கொடுத்துக் கலையரசியை எழுப்பினார்கள்.

போகிற வழியில் அவள் ரங்கம்மாளிடம் நின்றாள். எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. கை மெதுவாக வந்து ரங்கம்மாள் கையைப் பிடித்தது. கண் மெதுவாகக் கலங்கியது.

ரங்கம்மாளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. “பரவால்லம்மா, பொம்பளைக்குப் பொம்பள பேசாம யாரு பேசறது?”

“அதில்லக்கா. தெரியாம எல்லாரும் தண்ணிய நீட்டி என்னைச் சாவடிக்கப் பாத்தாங்க. கூடைக்குப் பின்னால ஒரு தூக்கு நெறைய தண்ணி வெச்சிக்கினு, ஒரு சொட்டுகூட குடுக்காம என்னைக் காப்பாத்தினது நீங்க ஒருத்தருதான். நல்லா இருக்கணும்க்கா!”