அடுத்த அறையில் ஒரு காது

முதுகலை மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் நடத்தும் மனநல ஆலோசனை மையம் அது. பயிற்சி மாணவிக்கு அன்றுதான் முதல் ஆள். படிவங்களை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"வருமானத்துக்கு ஏத்த ஃபீஸ்தாம்மா. உங்களுக்கு எவ்வளவு வருது?"

"வீட்டுல சமைக்கிறதுக்கு யாரும்மா சம்பளம் தர்றாங்க?" என்றாள் வந்தவள்.

"அப்போ இருக்கறதுலயே குறைஞ்ச ஃபீஸ். சொல்லுங்கம்மா, என்ன பிரச்சினை?"

"இருபத்திரண்டு வருஷமா என் வீட்டுக்காரர் நான் சொல்றதைக் காதுல போட்டுக்கறதே இல்ல. வாயைத் திறந்தா எழுந்து போயிடறார்."

மாணவிக்கு மனசு இளகியது. கூரையில் இருந்த கேமராவைப் பற்றிச் சொல்ல மறந்தது அப்போதுதான் உறைத்தது. அதைக் காட்டினாள்.

"நான் இன்னும் படிச்சுக்கிட்டிருக்கேம்மா. எங்க புரொபசர் அடுத்த ரூம்ல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருப்பார். உங்களுக்குச் சம்மதமா?"

"முழு ஒரு மணி நேரமுமா? நடுவுல எழுந்து போயிட மாட்டாரே?"

"போகவே கூடாது. நீங்க சொல்றதை ஒண்ணு விடாம எழுதிக்கவும் வேணும். அதான் ரூல்."

வந்தவள் சம்மதப் படிவத்தில் சட்டென்று கையெழுத்துப் போட்டாள். நாற்காலியைக் கேமரா பக்கம் திருப்பிப் போட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, பேனாவை எடுத்துக்கங்க. நம்ம கல்யாணத்துக்கு மறுநாள்லேருந்து ஆரம்பிக்கறேன்."