பேட்டரியின் வயது

“அஞ்சு வருஷத்துப் பேட்டரிண்ணே. இன்னிக்குன்னு பார்த்து நடுவழியில நின்னுடக் கூடாது. கொஞ்சம் செக் பண்ணிச் சொல்லுங்க” என்று கார்ச் சாவியை நீட்டினாள் அவள்.

எலக்ட்ரீஷியன் பானெட்டைத் திறந்து மீட்டரை வைத்துப் பார்த்தார். சிரித்துவிட்டார்.

“யாரும்மா பழசுன்னு சொன்னது? இதோ ஸ்டிக்கர்ல தேதியே இருக்கு. போன மாசம் பத்தாம் தேதிதான் மாட்டியிருக்காங்க.”

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. “எங்க வீட்டுக்காரர் மாத்தியிருப்பார். எதைச் செஞ்சாலும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்.”

“பேட்டரி மட்டுமில்ல, ஒரு பக்க ஹெட்லைட்டும் புதுசு. பேட்டரி உட்கார்ற தகட்டைத் தட்டி நிமிர்த்தியிருக்காங்க. வண்டி எங்கேயோ பலமா இடிச்சிருக்கும்மா.”

அவள் திகைத்து நிற்கும்போதே போன் அடித்தது. அப்பா.

“டாக்டர் என்னை டிஸ்சார்ஜ் பண்ணிட்டாரும்மா. காரை எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துடு.”

“அப்பா… உங்களை அந்த வண்டி இடிச்சது என்னிக்கு?”

“போன மாசம் எட்டாம் தேதி சாயங்காலம். இடிச்ச பாவி நிக்காமலே போயிட்டானே! அவன் கிடக்கறான், விடு. மாப்பிள்ளையைச் சொல்லு. பெத்த பிள்ளைகூட இப்படிப் பார்த்துக்க மாட்டான். நான் தூங்கிட்டேன்னு நினைச்சு, என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழறாரும்மா.”

அவள் பானெட்டை மூடினாள். “போனை அவர்கிட்ட குடுங்கப்பா.”

“சொல்லும்மா” என்றான் கணவன்.

“நான் வந்து சேர்றதுக்குள்ள, அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க.”