தினம் ஒரு கட்டு விறகு

“இதெல்லாம் ஒரு விறகா? நேத்து வாங்கினது ஒரே புகை!”

“ஊதத் தெரியணும் பெரியவரே. பிடிச்சா எடுங்க, இல்லன்னா இடத்தைக் காலி பண்ணுங்க” என்றாள் விறகுக்கடைக்காரி, ஓங்கிய கோடாலியை இறக்காமலே.

பெரியவர் முணுமுணுத்தபடி ஒரு கட்டைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த மரம் அறுப்பவருக்குப் பொறுக்கவில்லை. “என்னக்கா, நான் சேர்ந்ததுல இருந்து தினம் தவறாம வர்ற ஒரே ஆளு. அவரையும் விரட்டினா கடையை மூட வேண்டியதுதான்.”

“அவரா? மூணு மாசமா வர்றாரு, அடிச்சாலும் போகமாட்டாரு. அவரு வீட்டுல விறகடுப்பே கிடையாது. கேஸ்தான்.”

“அப்புறம் எதுக்கு வாங்குறாரு?”

அவள் அடுத்த கட்டையைப் பிளந்தாள்.

மறுநாள் வந்த பெரியவர் விறகைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“வீடு பூரா விறகு. நடக்க இடமில்லன்னு வீட்டுக்காரி கத்துறா. அடுக்கி வைக்க ஒரு கொட்டகை வேணும். மரச்சட்டம் போட்டுத் தருவீங்கல்ல?”

“தருவோம். ஆனா...” அவள் ஓங்கிய கோடாலியை இறக்கினாள். “வீட்டுக்கு வந்துதான் அளவெடுக்கணும்.”

“பின்னே, வராம எப்படி?” பெரியவர் சைக்கிள் மணியைத் துடைத்தார். “தச்சரையும் கூட்டிட்டு வாங்க. சட்டத்தைத் தூக்கி நிறுத்த ஒத்த ஆளு பத்தாது.”

சைக்கிள் தெருமுனை திரும்பியதும், கோடாலியைப் போட்டுவிட்டு, உள்ளே மரம் இழைத்துக்கொண்டிருந்த கணவனிடம் ஓடினாள்.

“ஏங்க, நல்ல சட்டையா எடுத்துப் போடுங்க! உங்களைக் கட்டிக்கிட்டதுக்காக வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னாரே எங்கப்பா, அவரு வீட்டுக்கு அளவெடுக்கப் போறோம்!”