பத்து நாள் மாப்பிள்ளை

"பொண்டாட்டிக்குப் பிடிச்ச சாப்பாடு என்ன?"

விசாரிக்க வீடு தேடி வந்த மருத்துவ நிதி ஆய்வாளர் ஹிஷ்மத் கேட்ட முதல் கேள்விக்கே மாப்பிள்ளை வஜ்தி திருதிருவென்று விழித்தார். மாப்பிள்ளைக்கு வயது எழுபத்தொன்று. பெண் இன்சாஃபுக்கு அறுபத்தாறு. கல்யாணமாகிப் பத்து நாள்.

"மீனு... இல்லையா?" என்றார் வஜ்தி.

"வாத்து," என்றாள் இன்சாஃப்.

ஹிஷ்மத் தாளில் எதையோ குறித்துக்கொண்டார். அந்த நேரம் வஜ்திக்கு வழிந்த வியர்வையைத் திருப்பிவிட்டிருந்தால், தமன்ஹூர் வாய்க்காலில் இரண்டு படகு தாராளமாக ஓடியிருக்கும்.

விஷயம் முழங்கால். இன்சாஃபின் இடது முழங்கால் மடங்கும்போது எழும் சத்தத்தைக் கேட்டு, அலெக்சாண்ட்ரியா ரயில் வந்துவிட்டது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் அந்தத் தெருவில் உண்டு. மூட்டையே மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒரு வருடமாகிறது.

வஜ்தி முப்பத்தாறு வருடம் புவியியல் வாத்தியார். ஓய்வு பெற்ற வாத்தியாருக்கும் அவர் மனைவிக்கும் ஆசிரியர் மருத்துவ நிதி ஆபரேஷன் செய்து தரும், மனைவி என்ற அட்டை கையில் இருந்தால். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆஸ்பத்திரியில் கட்டில் தயார். அட்டைக்கு ஹிஷ்மத்தின் முத்திரைதான் பாக்கி.

"தப்பா எடுத்துக்காதீங்க, உஸ்தாத்," என்றார் ஹிஷ்மத், வாத்தியாருக்குரிய மரியாதையோடு. "போன மாசம் ஒரு கணக்கு வாத்தியார். எழுபத்தெட்டு வயசு. கண்ணுல புரை இருக்கிற அம்மாவை ஒண்ணு, இடுப்பு ஒடிஞ்ச அம்மாவை ஒண்ணுன்னு ரெண்டு கல்யாணம் பண்ணிட்டு வந்து நிக்கிறார். எது எந்த அம்மான்னு அவருக்கே தெரியல."

"நாங்க அப்படி இல்லீங்க."

"அவரும் அதைத்தான் சொன்னார். எங்க சந்திச்சீங்க?"

"ரொட்டிக்கடை வரிசையில," என்றார்கள் இருவரும் ஒரே மூச்சில்.

வஜ்தி நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒரே ஒரு வார்த்தை பிசகினால் போதும், முழங்கால் போச்சு.

"ராத்திரி அம்மா குறட்டை விடுவாங்களா?"

வஜ்தி கூரையைப் பார்த்தார். "நான் படுத்ததும் தூங்கிடுவேன். தெரியலீங்க."

"டீக்கு எத்தனை சர்க்கரை?"

"ரெண்டு ஸ்பூனா இருக்கும்."

"நாலு," என்றாள் இன்சாஃப்.

ஹிஷ்மத்தின் புருவம் ஏறி வழுக்கைத் தலையின் நடுவில் போய் உட்கார்ந்தது. அவர் இன்சாஃப் பக்கம் திரும்பினார். "நீங்க ஏற்கெனவே விவாகரத்து ஆனவங்க."

"ஆமா. பதினாறு வருஷம் ஆச்சு. எங்கப்பா ரயில்வேயில இருந்தார். விவாகரத்தான மகள்னு அவர் பென்ஷன் எனக்கு வந்துட்டிருந்தது. இந்தக் கல்யாணத்தோட நின்னு போச்சு."

"அந்தப் பென்ஷனுக்காகவே காகிதத்துல மட்டும் பிரியறவங்க இருக்காங்க. மாட்டினா பென்ஷனும் போகும், அட்டையும் போகும்."

"காகிதத்துலயா?" இன்சாஃப் கைத்தடியால் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள். "அந்த ஆளோட இருந்திருந்தா இந்நேரம் எனக்கு முழங்கால் இல்ல, தலையே இருந்திருக்காது. குளியலறைக் குழாய் சொட்டுதுன்னு இருபத்தாறு வருஷம் சொன்னேன். நாளைக்கு, நாளைக்குன்னே ஓட்டினார். அந்தத் தண்ணியைச் சேர்த்து வச்சிருந்தா சஹாராவுல நெல்லு நட்டிருக்கலாம்."

வஜ்தியின் முகம் சுருங்கியது. "அவ்வளவு மோசமான ஆளா இருந்திருக்க மாட்டார்," என்றார்.

"நீங்க சும்மா இருங்க. அவரைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? பல்பு மாத்தத் தெரியாது. சந்தைக்கு அனுப்பினா கத்திரிக்காய்க்குப் பதிலா செய்தித்தாளோட வருவார். சிரிப்பாவது ஒழுங்கா சிரிப்பாரா? தும்மல் போடற கழுதை மாதிரி இருக்கும்."

"கழுதைன்னெல்லாம் சொல்லக் கூடாது. பாவம், குழாய்க்கு வாஷர் கிடைச்சிருக்காது."

"இருபத்தாறு வருஷமாவா?"

வஜ்தியின் காது இரண்டும் பீட்ரூட் நிறத்துக்கு வந்தன. எழுந்து ஜன்னலோரம் போய், தெருவுக்கு முதுகும் காட்டாமல் வீட்டுக்கு முகமும் காட்டாமல் நின்றுகொண்டார்.

ஹிஷ்மத் பேனாவை மூடினார். பையிலிருந்து முத்திரைக் கட்டையை எடுத்தார்.

"இருபத்து மூணு வருஷமா இந்த வேலை பார்க்கிறேன்," என்றார். "அட்டைக்காகக் கட்டிக்கிட்டவன், முதல் புருஷன் பேச்சை எடுத்தா கொட்டாவி விடுவான். உஸ்தாத்தைப் பாருங்க. பொறாமையில வெந்து போய் நிக்கிறார். இது நிஜக் கல்யாணம்தான்."

தாளில் விழுந்த முத்திரையின் சத்தம் இன்சாஃபுக்குச் சங்கீதமாகக் கேட்டது. இனி ஞாயிற்றுக்கிழமையை யாராலும் தடுக்க முடியாது.

ஹிஷ்மத் தனக்கு வைத்திருந்த சர்பத்தை ஒரே மடக்கில் குடித்தார். வஜ்தியின் தோளை அணைத்துக் காதோடு சொன்னார்: "இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கீங்க. நாலு சர்க்கரைன்னு ஞாபகம் வச்சுக்குங்க. போகப் போக எல்லாம் பழகிடும்."

அவர் படியிறங்கும் ஓசை தேய்ந்து, தெருக்கதவு சாத்திக்கொண்டதும் வஜ்தி நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். பூட்டியிருந்த படுக்கையறையின் உள்ளிருந்து யாரோ கதவைச் சுரண்டினார்கள். நாற்பது வயது தாண்டிய ஓர் ஆண்குரல் மெல்லக் கேட்டது.

"அம்மா, ஆள் போயாச்சுன்னா அப்பாவைப் பூட்டைத் தொறக்கச் சொல்லு, நீங்க ரெண்டு பேருமா பெத்த ஆறு பேரும் உள்ள வேகறோம்."